ஆல்டோ வரிசைக்கு ஒரு செய்தி

வாட்ஸப்பில் இரண்டு டிக்கும் சாம்பல் நிறத்தில்தான் இருந்தன. சாம்பல் என்றால் ஹெப்சி அக்கா இன்னும் பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்றால் ஒன்றும் செய்திருக்க மாட்டாள், இல்லை, அப்படிச் சொல்லிவிட முடியாது, இந்தச் சாம்பல் எதையும் அழிக்காதீங்க என்று அக்காவுக்கு மட்டும் இரண்டாவதாக அனுப்பிய செய்திக்கு, முதல் செய்திக்கு என்ன நிறம் என்று இனி யாருக்குமே தெரியாது, ஏனென்றால் அதைத் தேவகிருபை தன் கையாலேயே அழித்துவிட்டாள். அழிக்கும்போது நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்தாள். யார் யார் படித்தார்கள் என்ற பட்டியலும் அதோடு சேர்ந்து போய்விடும் என்பது அழித்த பிறகுதான் உறைத்தது. அக்கா வீட்டுக்குப் போக அவள் ஏறி உட்கார்ந்த செய்துங்கநல்லூர் பஸ் பாளையங்கோட்டை ஸ்டாண்டில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கீழே நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தார், ஆற்றி ஆற்றிப் பச்சைத் தண்ணீராக்கித்தான் குடிப்பார் போலிருந்தது. மூன்று மணிக்கு ஆறு நிமிடம் இருந்தது. இரண்டு பத்துக்கு அந்த முதல் செய்தியை அனுப்பினாள், சர்ச் கொயரில் கீழ்க்குரல் பாடுகிற ஆல்டோ வரிசைப் பெண்கள் பதினொரு பேருக்கும், வரிக்கு வரி எண் போட்டு, ஒரு டீச்சரைப் போல: ஒன்று, நம்முடைய பாட்டுப் பயிற்சி ஆப்பைத் திறக்கவும், இரண்டு, மேலே இருக்கிற மூன்று புள்ளியைத் தொடவும், மூன்று, அமைப்புகளுக்குள் போய் டேட்டாவை அழி என்பதை அமுக்கவும், நான்கு, மறுபடி திறந்தால் புது ஆப் வரும். எண் போட்டது எவ்வளவு பெருமையாக இருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றுபோனவள் பதினொரு பேருக்குப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கிறாள். அனுப்பிவிட்டுத் தன் கம்ப்யூட்டரிலும் அதே மாதிரி செய்தாள், புது ஆப் வந்தது, பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க அவள் புதிதாகச் செய்த பட்டை பச்சையாக வந்து நின்றது, ஆசையாகக் கீழே இறக்கிப் பார்த்தாள், தான் பாடிப் பதிந்திருந்த பாட்டுகளின் பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக இருந்தது. வெறும் வெள்ளை. உடனே மகள் ஷைனிக்குப் போன் போட்டாள். ஷைனி புனேயில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள், பகலில் அம்மா கூப்பிட்டால் பதறிவிடுவாள், அப்பாவுக்கு ஏதாவதா என்றுதான் கேட்டாள். அப்பாவுக்கு ஒன்றுமில்லை, பட்டியல் காணோம். "ரெக்கார்டிங்க எங்கம்மா சேவ் பண்ணுத?" "ஆப்லதான்." "ஆப்ல எங்க?" "ஆப்லதான்ட்டி, வேற எங்க." பிறகு ஷைனி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள், அந்த மெதுவாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது. "எல்லாத்தையும் ஒரே எடத்துல சேத்து வைக்க நீ சர்வர் ஒண்ணும் வைக்கலம்மா. அவங்கவங்க பாடுனது அவங்கவங்க போன் பிரவுசருக்குள்ளதான் கிடக்கும். டேட்டாவ அழிச்சா அதுவும் போயிரும்." "திரும்ப எடுக்க முடியாதா?" "முடியாதும்மா. ஏன், முக்கியமானது எதுவும் இருந்துச்சா?"

பஸ் கிளம்பியதே அவளுக்குத் தெரியவில்லை. ஜன்னல் கம்பி அதிர்ந்து முழங்கையில் இடித்தபோதுதான் பார்த்தாள், கடைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கையில் வைத்தார். "எவ்வளவு நேரம்ணே ஆகும்?" என்று கேட்டாள். "இப்பதானம்மா எடுத்திருக்கு, எறங்கித் தள்ளுனியன்னா இன்னும் வெரசாப் போவலாம்" என்றார் அவர், பக்கத்து இருக்கைக்காரி சிரித்தாள், கிருபையும் சிரித்தாள், சிரித்ததும் தன் மேலேயே வெறுப்பு வந்தது. ஒரே வீடு என்று நினைத்திருந்தாள். அதுதான் தப்பு, அந்த ஒரே தப்பு, அதிலிருந்துதான் எல்லாம். ஆப் என்றால் ஒரு வீடு, தான் கட்டிய வீடு, லிங்க்கைத் தொட்டால் எல்லாரும் அதே வாசல் வழியாக அதே வீட்டுக்குள் வருகிறார்கள், பாடி வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று. அப்படி இல்லையாம். ஒவ்வொருத்தி போனிலும் தனித்தனி வீடாம், ஒரே சுண்ணாம்பு, ஒரே ஜன்னல், ஆனால் வேறு வேறு வீடு. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்க்கச் சொல்கிற மாதிரி சாதாரணமாகப் பதினொரு வீட்டையும் காலி பண்ணச் சொல்லிவிட்டாள். கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிற வீடியோவில் அந்தச் சென்னைப் பெண் சொன்னாளே, பழசு வந்துகொண்டே இருந்தால் டேட்டாவை அழித்துவிட்டுத் திறங்கள் என்று, அழித்தால் வேறு என்ன போகும் என்று சொன்னாளா, சொல்லியிருப்பாள், சொல்லும்போது குக்கர் விசில் அடித்திருக்கும், தான் எழுந்து போயிருப்பாள். வேகவேகமாகப் பேசுகிற பெண். அவள் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் கிருபை மூன்று தடவை நிறுத்தி, பின்னால் தள்ளி, திரும்பக் கேட்க வேண்டும். ஏழு மாதம் இப்படி. ஷைனி விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு, ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் திரை முழுக்கச் சிவப்பாக எரிய, எது விட்டுப்போனது என்று வரிவரியாக விரல் வைத்துத் தேடி. "மிக்ஸிய ஒழுங்காத் தொடச்சு வைக்கத் தெரியல, மென்பொருள் செய்யுதாளாம்" என்று வீட்டுக்காரர் சொல்வார், சொல்லிவிட்டுத் தன் தட்டைத் தள்ளி இடம் விடுவார். ஆனால் புள்ளிகளுக்கு அவள் பயப்படவில்லை. அதுதான் ஷைனிக்கே ஆச்சரியம். கொயரில் சேர்ந்த வருஷமே, சுரத்தை எழுத்தும் புள்ளியுமாக எழுதுகிற சோல்ஃபா படித்தவள் அவள், ஆங்கில எழுத்தில் d என்றால் டோ, r என்றால் ரே, நடுவில் இரண்டு புள்ளி வந்தால் ஒரு தாளத் தட்டு, ஒரு புள்ளி வந்தால் அரைத் தட்டு, காற்புள்ளி வந்தால் கால் தட்டு. ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டால் நாற்பது பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள், கொயர் மாஸ்டர் வேதமணி சார் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஆல்டோ வரிசையைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து பயந்தே புள்ளிகளைப் படித்தவளுக்குக் கம்ப்யூட்டர் பாஷையின் புள்ளிகள் சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தன. முதல் தடவை ஒரு பொத்தானை அமுக்கி "சோ" என்று ஸ்பீக்கரில் கேட்டபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அவள் எழுந்துகூடப் போகவில்லை. அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்குத்தான் இதுவா. சந்தோஷப்பட்டதற்கு ஒரு தண்டனை எப்போதும் வைத்திருப்பார்கள். யார் வைத்திருப்பார்கள், கர்த்தரா, சீ, அப்படி நினைக்கக்கூடாது, ஜன்னல் வழியாக ஒரு லாரியின் புகை உள்ளே வந்தது, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு மறுபடி போனைப் பார்த்தாள். சாம்பல்.

கூப்பிட்டுப் பார்க்கலாம். கூப்பிட்டுத்தான் பார்த்தாளே, ஆறு தடவை, மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அக்கா எடுத்தாலும் பேச முடியாது. தொண்டையில் கட்டி எடுத்துப் பதினாறு நாள், ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று கட்டளை. ஆனாலும் கேட்பாளே, எடுத்தால் கேட்பாளே, அக்கா ஒன்றும் தொடாதீங்க, போனைத் தூக்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுங்க என்று கத்தியிருக்கலாமே. அவள் வீட்டுக்காரர் தனபால் அண்ணன் பள்ளிக்கூடத்து வாத்தியார், வகுப்பு நேரத்தில் போனை அணைத்துவிடுவார், நாலரைக்குத்தான் போடுவார். பக்கத்து வீட்டு நம்பர் இல்லை. ஒருவர் நம்பரும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள், அவள் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதில்லை. எப்போதும் ஹெப்சி அக்கா வலது பக்கம், கிருபை இடது பக்கம். கிருபையின் வலது காதுதான் பாடகி, அவள் இல்லை, இதை அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. சொப்ரானோக்காரிகளுக்கு ராகம் இருக்கிறது, மேலே ஏறலாம், சபை முழுக்க அவர்களைத்தான் கேட்கும். ஆல்டோவுக்கு ஒன்றும் கிடையாது, சோ சோ சோ லா சோ என்று ஒரே இடத்தில் நின்று பாரம் தாங்க வேண்டும். தனியாகப் பாடினால் அது ஒரு பாட்டே இல்லை. கிருபைக்குத் தனியாக அந்தச் சுரம் ஒரு நாளும் பிடிபட்டதில்லை, மேலே போகிற ராகம் அவளை இழுத்துக்கொண்டு போய்விடும், ஹெப்சி அக்கா லேசாக முழங்கையால் இடித்து, தன் குரலை ஒரு நூல் கூட்டிக் கொடுப்பாள், பிடித்துக்கொண்டு இறங்கி வந்துவிடலாம். "ஏளா, எங்க போற, கூரைய மேயவா?" என்பாள் பாட்டு முடிந்ததும் காதோடு. அக்கா இல்லாத நாளில் எப்படிப் பாடுவது என்ற பயத்தில்தான் இந்த ஆப்பையே செய்யத் தொடங்கினாள், ஆல்டோ மட்டும் தனியாகக் கேட்கிற மாதிரி, வீட்டில் வைத்துப் பழகுகிற மாதிரி. மற்றவர்களிடம் எல்லாருக்கும் உபயோகமாக இருக்கும் என்று சொன்னாள். எல்லாருக்கும் என்பது பொய், தனக்குத்தான். ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடிந்து எல்லாரும் போனபிறகு, போதகர் அங்கி மாற்றுகிற வெஸ்ட்ரி அறையில் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். அக்கா தன் போனில் சிவப்புப் பொத்தானை அமுக்கி, ஒன்பது கிறிஸ்மஸ் பாட்டுக்கும் ஆல்டோவைப் பாடினாள். கழுத்தில் கட்டி துருத்திக்கொண்டு தெரிந்தது, சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு பாடினாள், போனில் கழுத்தா தெரியப்போகிறது என்று கிருபை சொன்னதற்கு, "பொத்தான அமுக்குனா கேமரா மாதிரித்தானட்டி இருக்கு, எனக்கு என்ன தெரியும்" என்றாள். ஒவ்வொன்றும் பாடி முடிந்ததும் பட்டியலில் வரிசையாக வந்து உட்கார்ந்தது, ஒன்று, இரண்டு, மூன்று, கிருபை தன் கண்ணால் பார்த்தாள். வீட்டுக்குப் போய்த் தன் கம்ப்யூட்டரில் அந்த ஒன்பதும் தெரியவில்லை என்பதையும் பார்த்தாள், பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. அவரவர் பாஸ்புக்கில் அவரவர் வரவு இருக்கிற மாதிரி, அவரவர் பெயருக்கு அவரவர் பட்டியல் காட்டுகிறது, சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். எல்லாருக்கும் பகிர்கிற பாடம் வீடியோவில் அடுத்ததாக வருகிறது, படித்துவிட்டுப் பகிர்ந்துகொள்ளலாம், அவசரமில்லை.

அவசரமில்லை என்று எப்படி நினைத்தாள். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போயிருந்தபோது தனபால் அண்ணன் வராண்டாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாரே. கட்டி குரல் நரம்போடு ஒட்டிக் கிடந்திருக்கிறது, நரம்பை விட்டுவிட்டு எடுத்தால் உயிருக்கு ஆபத்து, நரம்பையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். "பேச்சு கொஞ்சம் கரகரன்னு வருமாம். பாட்டு வராதாம், கிருபை. இனிமே வராது. அவகிட்ட இன்னும் சொல்லல, கிறிஸ்மஸ் கழியட்டும்னு இருக்கேன். நீங்களும் காட்டிக்கிடாதிய." அப்போது கிருபை என்ன சொன்னாள். அழக்கூட இல்லை, கெட்டிக்காரி மாதிரி, "அண்ணே, ஒன்பது பாட்டு பாடி வாங்கி வச்சிருக்கேன், பத்திரமா என்கிட்ட இருக்கு" என்றாள். அந்த மனிதர் திரும்பி அவளைப் பார்த்தார். கும்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கினார், பாதியில் வெட்கப்பட்டுக் கீழே போட்டுவிட்டார். என்கிட்ட இருக்கு. பதிமூன்று நாளாக அந்த வார்த்தையைச் சாப்பிட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள். ராத்திரி புரண்டு படுக்கும்போது, ஹெப்சி அக்கா குரல் போய்விட்டதே என்று எழுந்து உட்கார்வாள், உடனே, போகவில்லை, என்கிட்ட இருக்கு என்று நினைப்பாள், தூங்கிவிடுவாள். அது ஒரு நாளும் அவளிடம் இருக்கவில்லை. அக்காவின் பழைய போனுக்குள், ரீசார்ஜ் விளம்பரங்களுக்கும் ஸ்தோத்திர வாழ்த்துப் படங்களுக்கும் நடுவில் கிடந்திருக்கிறது. இப்போதும் கிடக்கலாம். கிடக்கிறது. அக்கா மதியம் தூங்குகிறாள், போன் சார்ஜில் கிடக்கிறது, அவள் எழுந்து கண்ணைக் கசக்குவதற்குள் போய் நின்றுவிட வேண்டும், போனை வாங்க வேண்டும், வாங்கி என்ன செய்ய, ஷைனியைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும், கை தவறி வேறு எதையாவது அமுக்கிவிட்டால், வேண்டாம், தான் தொடக்கூடாது, வேறு யாராவது தொடட்டும். பஸ் நின்றுவிட்டது. ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். திருச்செந்தூர் வண்டி வர வேண்டுமாம். முன்னால் ஒரு டிராக்டர், அதற்கு முன்னால் இரண்டு கார், எல்லாம் இன்ஜினை அணைத்தன, திடீரென்று வந்த அந்த அமைதியில் யாரோ ஒரு குழந்தை முறுக்குக் கடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. இறங்கி ஓடலாமா. இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கும், முழங்கால் வலியோடு ஓடினால் பஸ் தாண்டிப் போய்விடும். ஓடினால் ஏதாவது செய்கிற மாதிரியாவது இருக்கும்.

போன் அதிர்ந்தது. அக்கா என்று நினைத்து அவசரமாக எடுத்தாள், பார்த்தால் பியூலா சித்தி. ஆல்டோ வரிசையில் மூத்தவள், அறுபத்தெட்டு வயது, வரிசைக்கு மேஸ்திரி. வேதமணி சார் எதைச் சொன்னாலும் முதலில் சித்தியிடம்தான் சொல்வார், சித்தி வீட்டில் உட்கார்ந்துகொண்டு வரிசை முழுக்கப் போன் போட்டு ஒப்பித்துவிடுவாள், பாட்டு மாறினாலும் சேலைக் கலர் மாறினாலும் செத்தவர் வீட்டுக்குப் போகிற நேரம் மாறினாலும். வாட்ஸப் வந்தும் அந்த வழக்கம் போகவில்லை. அந்த வழக்கத்தை எப்படி மறந்தாள். "ஏட்டி கிருபை, மெசேஜப் போட்டுட்டு ஏன் அழிச்சிட்ட? தப்பா எதுவும் சொல்லிட்டியோன்னு பாத்தேன்." "சித்தி, நீங்க படிச்சியளா அத?" "படிக்காம? போட்ட அஞ்சு நிமிசத்துல எல்லாவளுக்கும் அடிச்சுச் சொல்லியாச்சு. ரோஸலினுக்குத்தான் மூணு புள்ளி எங்க இருக்குன்னு காட்டுறதுக்குள்ள எனக்குத் தொண்ட வத்திட்டு, அவ கண்ணாடியப் போடாம தேடிக்கிட்டு இருக்கா." "ஹெப்சி அக்காவுக்கு?" "அவளுக்குத்தானட்டி மொதல்ல. பாவம், பேச முடியாதவ, கேப்பால்லா. ஒண்ணு ரெண்டுன்னு நான் சொல்லச் சொல்ல, முடிச்சதும் போன நகத்தால ரெண்டு தட்டு தட்டுன்னேன். தட்டுனா." சித்தியின் குரலில் பெருமை. "என்னட்டி, லைன்ல இருக்கியா? ரயில் சத்தமா கேக்கு." ரயில்தான். பெட்டி பெட்டியாக ஜன்னலுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. இருக்கேன் சித்தி, அப்புறம் கூப்பிடுதேன் என்று சொன்னாளா இல்லையா தெரியவில்லை. ரெண்டு தட்டு. செய்துவிட்டேன் என்றும் இருக்கலாம், கேட்டுக்கொண்டேன், பிறகு செய்கிறேன் என்றும் இருக்கலாம். அக்காவுக்கு இதெல்லாம் புரியாது, புரியாமல் சும்மா தட்டியிருப்பாள், சித்தியின் தொல்லை விட்டால் போதும் என்று தட்டியிருப்பாள். அப்படித்தான். ஆனால் அக்கா சொன்னதைச் செய்கிறவள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவை நேரம் தப்பி வந்ததில்லை, ஒரு தடவை தட்டு விட்டதில்லை. கேட் தூக்கினார்கள். டிராக்டர் கிளம்பவில்லை. பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள், யாருடைய ஹாரனுக்கும் அது அசையவில்லை, பிறகு தானாகவே ஒரு இருமல் இருமிக்கொண்டு நகர்ந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவில் நடக்கும்போது அவசரப்படவில்லை. அவசரம் போய்விட்டது, எங்கே போனது என்று தெரியவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. ஹெப்சி அக்கா முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது, அவளைக் கண்டதும் முகம் முழுக்க விரிந்தது, கீரையைக் கீழே வைத்துவிட்டு, பொறு பொறு என்று கையைக் காட்டி, மேசைமேல் சத்தத்தை அணைத்துக் கவிழ்த்துப் போட்டிருந்த போனை எடுத்து ஆப்பைத் திறந்து அவள் மூஞ்சிக்கு நேராக நீட்டினாள். பச்சைப் பட்டை. அதைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள், கூட்டினாள், குறைத்தாள், கட்டைவிரலைத் தூக்கினாள். பட்டைக்குக் கீழே வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையைக் கிருபை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லாமல் திரும்பிவிடலாம் என்று தோன்றியது, நன்றாக இருக்கிறது அக்கா என்று சொல்லி, ஒரு காப்பி குடித்துவிட்டு. "எக்கா, நீங்க பாடுன ஒன்பதும் போயிட்டுக்கா" என்றாள். "என்கிட்ட இருக்குன்னு நெனச்சேன். இல்ல. உங்க போன்லதான் இருந்திருக்கு. நான்தான் அழிக்கச் சொன்னேன். இனி எடுக்க முடியாதாம்." சொன்னது பாதி சத்தமாகவும் பாதி மூச்சாகவும் வந்தது. அக்கா போனைத் திருப்பித் தானும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நிமிர்ந்தால், சிரிக்கிறாள், சத்தமே இல்லாமல், வாயைப் பொத்திக்கொண்டு. பக்கத்தில் கிடந்த நோட்டை எடுத்து மடியில் வைத்து எழுதினாள், கோணல்மாணலாக, வேகமாக, எழுதித் திருப்பிக் காட்டினாள். இதுக்கா இந்த வெயில்ல வந்த. மூணாவது பாட்டுல நான் தட்டு விட்டிருந்தேன், உன்கிட்ட சொல்லல. குரல் வரட்டும், புதுசாப் பாடித் தாரேன். கிருபையின் கண்ணிலிருந்து வழிந்ததைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள், கீரை வாசம் அடித்தது, ஒன்பது பாட்டு போனதற்காக இப்படி அழுவார்களா என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். பிறகு நோட்டில் பிப்ரவரி முதல் ஞாயிறு என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, சரியா என்று புருவத்தைத் தூக்கினாள். கிருபை அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். அக்காவைப் பார்க்க முடியவில்லை. "சரிக்கா" என்றாள். எத்தனை மணிக்கு என்று அக்கா மணிக்கட்டைத் தட்டிக் கேட்டாள். "பதினோரு மணிக்கு" என்றாள் கிருபை, "ரெண்டாவது ஆராதன முடிஞ்சதும்." அக்கா அதையும் கட்டத்துக்குள் எழுதிக்கொண்டாள்.